சவரியம்மாவின் சிப்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்று மத்தியானம்தான் உன்னைப் பார்த்தேன். பாண்டி பஜாரில் உன் புதுக் கடைக்கு எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். நீ உள்ளே வார்னிஷ் அடிக்கிறவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாய், என்னைக் கவனிக்கவில்லை. கடை நன்றாக இருக்கிறது. கண்ணாடி அலமாரி, டியூப் லைட்டு, கல்லாவுக்குப் பின்னால் சாமி படம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நம் கச்சேரி ரோட்டு மளிகைக் கடை மாதிரி நாலு கடையை அதற்குள் வைக்கலாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரோட்டைத் தாண்டி வந்து உன் தோளில் தட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அப்போதுதான் வாசலில் காயவைத்திருந்த அந்தப் பலகையைப் படித்தேன். "சரியான சில்லறை கொண்டு வரவும். சில்லறை இல்லாதவர்கள் பொருள் கேட்க வேண்டாம்." எடுத்த காலைத் திரும்ப வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து உன் அம்மாவிடம் கத்தினேன். "ஊரெல்லாம் சில்லறைத் தட்டுப்பாடு, புள்ள என்ன செய்வான்? எங்கிட்டக் கத்தி என்ன, அவங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். நான் சொல்ல வந்தால் சத்தம்தான் வரும், விஷயம் வராது. அது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் எழுதுங்கள் என்று காகிதத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். நாளை மறுநாள் கடை திறப்பு. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று நினைத்தேன். சில நாள் எனக்கே நம்பிக்கை வருவதில்லை.

அது யுத்த காலம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தெற்கே இருந்து வந்து மயிலாப்பூரில் ஒரு கடையில் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியது. வீடும் கடையும் வாடகைக்கு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் ஓடுகிற நேரத்தில் நான் கச்சேரி ரோட்டில், சாந்தோம் கோயில் மணி காதில் விழுகிற பக்கமாக, அந்தச் சின்னக் கடையைப் பிடித்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதே. அந்த வாடகைக்கு வேறு எந்தக் காலத்திலும் எனக்குக் கடை கிடைத்திருக்காது. ஓடினவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள், வியாபாரமும் நடக்க ஆரம்பித்தது. ஊரில் எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு மளிகை வியாபாரி தன் பெண்ணை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவர்தான் உன் தாத்தா. "கார்த்திகையில நானே நேர்ல வந்து பாப்பேன். கடை நின்னா தையில கல்யாணம். நிக்கலைன்னா பேச்சை விட்டுருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். உன் அம்மாவை நான் ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண வீட்டில், அவள் பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டு போனபோது பார்த்திருந்தேன். அந்தக் கடை நிற்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு வெறி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சில்லறை மறைந்தது. செம்புக்கு ஆசைப்பட்டு உருக்குகிறார்கள் என்றார்கள், பானைக்குள் போட்டுப் புதைக்கிறார்கள் என்றார்கள். எது உண்மையோ, காலணாவும் அரையணாவும் கண்ணில் படவில்லை. என் வாடிக்கைக்காரர்கள் காலணாவுக்குக் கடுகும் அரையணாவுக்குப் புளியும் வாங்குகிறவர்கள். அவர்கள் ரூபாய் நோட்டை நீட்டினால் மீதி கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. மீதிக்குத் தபால் தலையைக் கொடுத்துப் பார்த்தோம். மெட்ராஸ் புழுக்கத்தில் அது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். குளத்தங்கரைப் பக்கம் இருந்த ஒரு பெரிய மளிகைக் கடைக்காரர் தன் கடை முத்திரை குத்திய சீட்டைக் கொடுக்க ஆரம்பித்தார். அது அவர் கடையில் மட்டும்தான் செல்லும். ஒரு தடவை சீட்டு வாங்கினவர்கள் மறுபடியும் அங்கேதான் போயாக வேண்டும். என் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். நானும் சீட்டு அடித்திருக்கலாம், ஆனால் நேற்றுக் கடை திறந்தவன் கொடுக்கிற காகிதத்தை யார் வாங்குவார்கள்?

ஒரு நாள் காலை ரோசலின் டீச்சர் வந்தார். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. காலணாவுக்குக் கடுகு கேட்டார். கட்டிக் கொடுத்தேன். அவர் மேசைமேல் ஒரு சிப்பியை வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வெளியே வரி வரியாக, உள்ளே வெளுத்த ரோஸ் நிறமாக இருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"சவரியம்மா காலணா அண்ணாச்சி. எங்க தெருவுல எல்லாரும் வாங்கிக்கிறாங்க."

சவரியம்மா கரையோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிறவள். தொண்டையைத் திறந்தால் மயிலாப்பூர் குளத்துக்குக் கேட்கும். அவளுக்குச் சில்லறைக் கஷ்டம் என்னைவிட அதிகம். மீன்காரி கை ஈரக்கை, சீட்டு அதில் கூழாகிவிடும். தபால் தலையை வாங்கினால் ராஜாவின் தலை சங்கரா மீன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் மீதி காலணா தரவேண்டிய இடத்தில் ஒரு சிப்பியைக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அடுத்த தடவை அதைக் காட்டினால் காலணாவுக்கு மீன். இதைக் கேட்டதும் எனக்கு வந்தது பார் கோபம். "டீச்சர், நீங்க படிச்சவங்க. கடற்கரையில போய் மூட்டையில அள்ளிக்கிட்டு வந்தா நான் கடையையே எழுதிக் குடுத்துரணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், கடுகை வைத்துவிட்டு, சிப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே சவரியம்மா கூடையோடு வந்து என் கடைக்கு முன்னால் நின்றாள். "இன்னா நைனா, என் காசு செல்லாதுன்னியாமே?"

"அது காசு இல்லம்மா, சிப்பி."

"உன் நோட்டு மட்டும் இன்னாவாம்? காயிதம் தானே?"

"நோட்டுக்குப் பின்னால சர்க்கார் இருக்கு."

"சிப்பிக்குப் பின்னால நான் கீறேன்."

தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் குரலைத் தணித்துக்கொண்டு, "நாங்க சைவம்மா. மீன் பக்கமே போகமாட்டோம். உன் சிப்பியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றேன். அவள் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு சிரித்தாள். "நீ துன்ன வாணாம். உன் கடைக்கு வர சனம் துன்னுதில்ல? மீதிச் சில்லறைக்கு அதுங்க கையில குடு. அது சுத்திக்கினு எங்கிட்டயே வந்துடும். மீன் துன்னாதவன் கையில என் சிப்பி தங்குமா?"

யோசித்துப் பார்த்தேன். மீன் சாப்பிடாதவன் நடுவில் நிற்பதுதான் சிப்பிக்கு நல்லது என்று தோன்றியது, நான் அதைப் பதுக்கி வைக்க முடியாது பார். மறுநாளிலிருந்து வாங்க ஆரம்பித்தேன். உன் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. வருகிற சிப்பியை எல்லாம் மஞ்சள் தண்ணீரில் கழுவி, துடைத்து, அப்புறம்தான் கல்லாவில் போடுவேன். ரோசலின் டீச்சரிடம் போய் நானே கடுகைக் கொடுத்துவிட்டு வந்தேன். போனவர்கள் திரும்பி வந்தார்கள். வெற்றிலைக்காரர் வாங்கிக்கொண்டார், பால்காரர் வாங்கிக்கொண்டார். மஞ்சள் பூசிய சிப்பி அண்ணாச்சி கடை வழியாக வந்தது என்று தெருவில் தெரியும். கடை மூச்சு விட ஆரம்பித்தது.

ஆனால் பயம் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். தம்பி, காலை வைக்கிற இடமெல்லாம் சிப்பி. அலை ஒவ்வொன்றும் என் கல்லாவில் இருக்கிற பணத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. குனிந்து ஒரு கை அள்ளினேன். அந்த வட்டாரத்தில் என்னைப்போலச் சுலபமாகக் கள்ளக்காசு அடிக்கக்கூடியவன் வேறு எவனும் இல்லை. மஞ்சளில் ஒரு முக்கு முக்கிக் கல்லாவில் போட்டால் முடிந்தது. எந்தப் போலீஸ்காரன் வந்து என்ன கேட்பான்? அப்படி நின்றுகொண்டிருக்கும்போது ரோசலின் டீச்சரின் குரல் கேட்டது. தன் பிள்ளைகளை வீட்டுக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஈர மணலில் வரிசையாக நிறுத்தி, பாக்கெட்டை வெளியே இழுத்து உதறச் சொன்னார். சின்னப் பெண் ஒருத்தி பாவாடை மடியைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணும்மா, அழகா இருக்கு" என்று அழுதாள். "அழகா இருந்தா இங்கயே வந்து பாரு. வீட்டுக்குக் கொண்டுவந்தா அது காசாயிடும்" என்றார் டீச்சர். அந்தப் பக்கம் பார்த்தேன். குப்பத்துப் பெண்களும் தங்கள் பிள்ளைகளை அதையேதான் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சட்டம் போடவில்லை. கரை முழுக்கப் பிள்ளைகள் மடியை உதறிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியையும் ஒரு தடவை நன்றாக உதறிக்கொண்டு வந்தேன். எத்தனை பெரிய கடல், அதற்குப் பக்கத்தில் எத்தனை சின்ன மனிதர்கள், அவர்கள் பேசிவைத்துக்கொள்ளாமலே இப்படி இருக்கிறார்களே என்று அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. கடல் பொங்கியதில் கட்டுமரம் எதுவும் இறங்கவில்லை. மீன் இல்லை. மீன் இல்லாததால் சிப்பியெல்லாம் என் கடைக்கு வர ஆரம்பித்தது. அவர்கள்மேல் தப்பு இல்லை, மீன் வாங்க முடியாதவர்கள் பருப்பு வாங்கினார்கள். மீதிக்கு நான் சிப்பியை நீட்டினால், "இப்ப மீன் இல்லியே அண்ணாச்சி" என்று கெஞ்சினார்கள். கல்லா வழிந்தது, புளிப்பானை நிறைந்தது. மூட்டைகள் காலியாகிக்கொண்டே வந்தன. கொத்தவால் சாவடி மொத்த வியாபாரியிடம் போய்ச் சிப்பியைக் கொடுத்துத் துவரம்பருப்பு வாங்க முடியுமா? வாங்கமாட்டேன் என்று ஒரு நாள் சொன்னால் போதும், சிப்பி அன்றைக்கே செத்துவிடும், சவரியம்மா பேரும் அதோடு போய்விடும். வாங்கினால் என் கடை போய்விடும். வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். என்ன தைரியத்தில் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் உன் தாத்தா வந்து இறங்கினார். நெற்றி நிறைய விபூதி, கையில் மூங்கில் பிடி போட்ட குடை. முக்காலியில் உட்கார்ந்து காலி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்து வந்து கல்லாவைத் திறந்தார். கையை விட்டு அளைந்தார்.

"என்ன வே இது, கல்லாவா கடற்கரையா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீரு நல்ல பையன்தான். ஆனா வெவரம் பத்தாது. சாயங்கால வண்டிக்கு நான் கெளம்புதேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டு போன பெண் அப்படியே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழையோடு மழையாக ஒரு நாற்றம் உள்ளே வந்தது. உன் தாத்தா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வாசலில் சவரியம்மா, அவளுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் இரண்டு பேர், தலையில் பனையோலைக் கூடைகள். கூடை நிறையக் கருவாடு. கடலில் இறங்க முடியாத மாதத்தில் தங்கள் வீட்டுச் சட்டிக்கு என்று கோடையில் காயவைத்து எடுத்து வைத்திருந்த கருவாடு அது. அத்தனையையும் கொண்டுவந்திருந்தாள். சுத்த சைவக்காரன் கடைக்கு, அவன் மாமனார் வந்து உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து!

"சிப்பியெல்லாம் உங்கிட்ட வந்து குமிஞ்சிக் கீதாமே நைனா. மீனு இல்ல, இத்த எடுத்துக்க. அத்த எங்கிட்டக் குடு."

உன் தாத்தாதான், துண்டை எடுக்காமலே கேட்டார். "ஏம்மா, இதெல்லாம் நீ குடுத்த சிப்பிதானா? கரை பூரா கெடக்குன்னு சொல்லுதாரே. உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எப்டித் தெரியும்? தெரியாது."

"இவருக்குத் தெரியுமா?"

"இவருக்கும் தெரியாது. அத்த நீட்டுன கைக்குத் தெரியும் இல்ல? ஊத்தற மழையில கேள்வி கேட்டுக்கினு நிக்கிறியே பெரியவரே, கருவாடு நனையுது. எங்க வெக்கட்டும், சொல்லு!"

பெருமையாகச் சொல்லவில்லை தம்பி. வள்ளென்று எரிந்து விழுந்துதான் சொன்னாள். கடைக்குள் கருவாட்டை வைக்க முடியாது, வெளியே வைத்தால் மழை. நான் திகைத்து நின்றேன். உன் தாத்தா எழுந்தார். ரயிலுக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன். மூலையில் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கி, அதை விரித்து, கருவாட்டுக் கூடைகளுக்கு மேலே பிடித்தார். மூக்கில் துண்டு, நெற்றி விபூதி மழையில் கரைந்து கன்னத்தில் வழிகிறது, அவர் பாதி நனைகிறார், கருவாடு நனையவில்லை. "என்ன வே பாத்துக்கிட்டு நிக்கீரு? வாடிக்கைக்காரங்களைக் கூப்பிடும். இங்கயே வித்துருவோம்" என்றார்.

டீச்சர்தான் முதலில் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காலணாவைக் கொடுத்தார். நிஜமான செம்புக் காலணா. எத்தனை நாளாக வைத்திருந்தாரோ. அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்த தெரு. எங்கே இருந்தனவோ, பானை அடியிலிருந்தும் பெட்டிக்குள்ளிருந்தும் காசுகள் வந்தன. குளத்தங்கரைக் கடையின் சீட்டு வைத்திருந்தவர்கள்கூட வெட்கப்பட்டுக்கொண்டு காசோடு வந்தார்கள். கருவாடு தீர்ந்துபோயிற்று. காலி மூட்டைகளை நிரப்பப் பணம் கிடைத்தது. சவரியம்மா தன் சிப்பிகளைக் கூடையில் கொட்டிக்கொண்டு, "நைனா, மூக்கை வுடு. போயிடுச்சு" என்று உன் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். உன் தாத்தா குடையை மடக்கினார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தையில வச்சுக்கிடுவோம்." ரயிலுக்கு நேரம் இருக்கிறது, கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போய்விட்டு வந்தார்.

கல்யாணம் ஆகி உன் அம்மா மெட்ராசுக்கு வந்தபோது, நடுவில் ஓட்டை போட்ட புதுக் காலணா புழக்கத்துக்கு வந்திருந்தது. சவரியம்மா வீடு வீடாகப் போய், கையில் இருக்கிற சிப்பியைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, காசைக் கொடுத்து, எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டாள். சிப்பிக் காலம் முடிந்தது. நாங்கள் வந்த மறுநாள் காலை அவள் கூடையோடு கடைப் பக்கம் வந்தாள். புதுப்பெண், உன் அம்மா, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போய் அவள் முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு சிப்பி. மஞ்சள் இல்லாத சிப்பி.

"ஏதும்மா இது?"

"எங்கப்பா குடுத்து விட்டாங்க. மெட்ராசுல இதுக்கு மதிப்பு உண்டுன்னு சொன்னாங்க."

சிப்பி எதுவும் பாக்கி இல்லை. அது கல்லாவில் எடுத்ததா, கரையில் பொறுக்கியதா என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சவரியம்மா உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கொட புடிச்ச நைனா பொண்ணா நீ? அப்ப இது என் சிப்பிதான்" என்றாள். முந்தானையை அவிழ்த்து, பளபளவென்று இருந்த ஓட்டைக் காலணா ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, சிப்பியை வாங்கி முடிந்துகொண்டு போனாள்.

நீ தவழ்கிற வயசுப் போட்டோவில் உன் அரைஞாண் கயிற்றில் ஒரு ஓட்டைக் காசு தொங்குமே, "வெள்ளியில் ஒரு தாயத்து வாங்க வழியில்லையாப்பா" என்று நீ கேலி செய்வாயே, அது அந்தக் காசுதான். வெள்ளி வாங்க அப்போது எங்களுக்கு வழி இருந்தது.

அதை உன் அம்மா இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள். நாளை மறுநாள் எடுத்துக்கொண்டு வருகிறேன். பலகை வாசலில் இருந்தால் எதிர்ச் சாரியிலேயே நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். இல்லாவிட்டால் ரோட்டைத் தாண்டி வருவேன். முதல் போணி என்னுடையது. சர்க்கார் அந்தக் காசை நிறுத்தி எத்தனையோ வருஷமாயிற்று, இன்றைக்கு எந்தக் கடையிலும் அது செல்லாது. அதை உன் மேசைமேல் வைத்து, காலணாவுக்குக் கடுகு கேட்பேன்.

அப்பா